சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் எஸ். வையாபுரிப்பிள்ளையின் வாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ப் பேரகராதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடு. அதன் பெரும்பகுதி எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த பத்தாண்டுகளில் உருப்பெற்றது. பல்கலைக்கழக ஆட்சியமைப்பின் நிதி, கால வரையறை, அச்சு முறை ஆகியவை ஓர் அறிஞரின் வாழ்வையும் அவர் பணியின் மதிப்பீட்டையும் எவ்வாறு பாதித்தன என்பதை அவர் வாழ்க்கை வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வையாபுரிப்பிள்ளை, தமிழ்ப் பேரகராதி, ஆட்சிக்குழு, நிகண்டு, அனுபந்தம், சுவடி.

முன்னுரை

தமிழாய்வுலகில் வையாபுரிப்பிள்ளையின் பெயர் பெரும்பாலும் கால ஆராய்ச்சியோடு இணைத்தே பேசப்படுகிறது. அவருடைய கால முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் அவரைத் தனிமனித ஆய்வாளராகவே காண்கின்றனர். ஆயினும், அவர் வாழ்வின் நடுப்பகுதி ஒரு நிறுவனத்தின் பணியாளராகக் கழிந்தது. அப்பகுதியைத் தனித்து நோக்கினாலன்றி, பேரகராதியின் நிறைகுறைகளில் எது பதிப்பாசிரியருக்கு உரியது, எது அமைப்பிற்கு உரியது என வரையறுக்க இயலாது.

இளமையும் சட்டப்பணியும்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சிக்கநரசய்யன்பேட்டையில் 1891 அக்டோபர் 12ஆம் நாள் வையாபுரிப்பிள்ளை பிறந்தார். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பயின்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று அங்கேயே வழக்கறிஞரானார். பின்னர்த் திருநெல்வேலியிலும் அத்தொழிலைத் தொடர்ந்தார். திருவனந்தபுர வாழ்க்கையில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கே. என். சிவராஜபிள்ளை ஆகியோரின் தொடர்பு வாய்த்தது. 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். தமிழாசிரியப் பணியில் இருந்திராத ஒருவரைத் தமிழ்ப் புலமையுலகம் அறிவதற்கு இத்தகைய பதிப்புகளும் கட்டுரைகளுமே வாயிலாயின. சான்றைச் சான்றோடு ஒப்பிட்டு எடைபோடும் வழக்குமன்றப் பயிற்சியின் சாயலை அவருடைய பிற்கால ஆய்வுமுறையிலும் காணலாம்.

பேரகராதித் திட்டமும் பல்கலைக்கழகமும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோது தேர்வு நடத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தது. அத்தகைய நிறுவனம் ஓர் அகராதியை உருவாக்கும் பொறுப்பை மேற்கொண்டது அதன் வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பமாகும். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தது. அதனை விரிவாக்கிப் புதிய அகராதி காணும் பணி, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913இல் தொடங்கியது. தொடக்க மதிப்பீடு 1,00,000 ரூபாய். மு. இராகவையங்கார் தமிழ்ப் பண்டிதர்களுக்குத் தலைமை தாங்கினார்.

இவ்வகராதியில் ஒவ்வொரு சொல்லும் தமிழ் எழுத்திலும் உரோமன் ஒலிபெயர்ப்பிலும் தரப்பட்டு, இலக்கண வகையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருளும் குறிக்கப்பட வேண்டும்; அப்பொருளுக்குரிய இலக்கிய ஆட்சியும் காட்டப்பட வேண்டும். நம்பத்தக்க பதிப்புகள் பல நூல்களுக்கு இல்லாத காலத்தில் இவ்வளவையும் செய்து முடிக்க ஆகும் காலத்தையும் பொருளையும் முன்கூட்டிக் கணித்தல் அரிது. சாண்ட்லர் பணியிலிருந்து விலகிய பின்னரே, 1924இல் முதற்பகுதி வெளிவந்தது.

பதிப்பாசிரியர் பொறுப்பு

1926 நவம்பரில் வையாபுரிப்பிள்ளை பேரகராதியின் பதிப்பாசிரியரானார். வழக்கறிஞர் தொழிலை விடுத்து, முடிவு எப்போது எனத் தெரியாத ஒரு நிறுவனப் பணிக்குள் 35ஆம் வயதில் நுழைந்தது துணிவான முடிவேயாகும். சொற்பட்டியலின் எல்லை, ஒலிபெயர்ப்பு முறை, பதிவின் அமைப்பு ஆகியவை அவருக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தன; தொடக்கப் பகுதிகள் அச்சாகியும் விட்டன. ஒரே அகராதிக்குள் இருவேறு முறைகள் அமைதல் கூடாது. எனவே, முன்னவர் வகுத்த நெறியைப் பின்பற்றுவதும், அதற்குள் சான்றுகளைச் செம்மைப்படுத்துவதுமே அவருக்கு எஞ்சிய உரிமைகளாயின.

அவ்வுரிமையை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். நாமதீப நிகண்டு, பொதிகை நிகண்டு, கயாதரம் முதலியவற்றைச் சுவடிகளிலிருந்து அவர் பதிப்பித்ததை இப்பின்னணியிலேயே காணுதல் வேண்டும். அகராதிக்குச் சான்றாகும் நிகண்டு அச்சேறினால்தான் பிறரும் அச்சான்றைச் சரிபார்க்க இயலும். அகராதி அலுவலும் சுவடிப் பதிப்பும் அவரிடம் ஒன்றையொன்று வளர்த்தன.

அச்சும் அனுபந்தமும்

பேரகராதி முழுவதும் எழுதி முடிக்கப்பட்ட பின் அச்சுக்குச் செல்லவில்லை. பகுதி பகுதியாக வெளியிடப்பட்டது. பொருளும் காலமும் செலவாகிவந்த திட்டத்திற்கு இம்முறை கண்கூடான பயனைக் காட்டியது. ஆயின், இதில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. அகர வரிசையில் முன்னிற்கும் சொற்கள் அச்சான பின்பு கிடைத்த புதிய சொல்லையோ பொருளையோ உரிய இடத்தில் சேர்க்க இயலாது. தமிழ் எழுத்தும் குறியிட்ட உரோமன் எழுத்தும் வரிதோறும் கலந்துவரும் பக்கங்களில் மெய்ப்புத் திருத்தமும் எளிதன்று.

1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றபோது அவற்றில் 1,04,405 சொற்கள் இடம்பெற்றிருந்தன. விடுபட்டவற்றைத் தொகுத்து 1939இல் வெளியான அனுபந்தம் 13,357 சொற்களைக் கொண்டது. முதன்மைத் தொகுதிகளின் சொற்றொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிய இது, பகுதி வெளியீட்டு முறையின் விளைவைப் பெரிதும் புலப்படுத்துகிறது. மொத்தச் செலவு 4,10,000 ரூபாயாக உயர்ந்தது. மதிப்பீட்டைப்போல் நான்கு மடங்கைக் கடந்த பின்னும் திட்டத்தைக் கைவிடாமல் முடித்தமை பல்கலைக்கழக ஆட்சிக்குரிய பெருமையாகும்.

துறைத்தலைமையும் பதிப்பும்

1936 முதல் 1946 வரை வையாபுரிப்பிள்ளை அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கினார். புறத்திரட்டு பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வாயிலாகச் சங்க இலக்கியத் தொகுப்பு வெளிவந்தது. பாட்டும் தொகையும் புலவர் வரிசையில் ஒருங்கே கிடைத்ததால், ஒரு புலவரின் செய்யுள்களை ஒப்பிட்டு ஆராய்தல் எளிதாயிற்று. 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

எதிர்ப்பும் நூற்சேகரமும்

தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் சங்கச் செய்யுள்களுக்குப் பிற்பட்டனவாகக் கொண்ட அவருடைய முடிவுகள் கடும் எதிர்ப்பைப் பெற்றன. பேரகராதியும் அவ்வெதிர்ப்புக்குத் தப்பவில்லை. தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடமொழி மூலமுடையனவாகக் காட்டியதைத் தேவநேயப் பாவாணர் கண்டித்து, அகராதியின் குறைகளை விளக்கித் தனிநூலே எழுதினார். வேர்ச்சொல் விளக்கங்களில் திருத்தம் வேண்டுவன உள என்பது மறுக்கத்தக்கதன்று. எனினும், 1913இல் தொடங்கிப் பலர் கைபட்டு உருவான நூலின் குறைகள் அனைத்தையும் 1926இல் வந்தவர் மேல் ஏற்றுதல் பொருந்தாது. நிறைவின் புகழை அவருக்கு மட்டுமே உரியதாக்கி, இராகவையங்கார் முதலிய பண்டிதர்களின் உழைப்பை மறைத்தலும் அவ்வாறே பொருந்தாது.

1956 பிப்ரவரி 17ஆம் நாள் வையாபுரிப்பிள்ளை மறைந்தார். தமிழ்மொழி இலக்கிய வரலாறு குறித்த அவருடைய ஆங்கில நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அவர் திரட்டிய நூல்களும் சுவடிகளும் கல்கத்தா தேசிய நூலகத்தைச் சென்றடைந்து, அங்கே அவர் பெயரால் தனிச்சேகரமாக விளங்குகின்றன. அகராதி சென்னையில் இருக்க, அதன் பதிப்பாசிரியர் பயின்ற ஏடுகள் தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ளன. அவருடைய பதிப்புகளை மூலத்தோடு ஒப்பிட விழையும் ஆய்வாளர் இவ்விரண்டையும் இணைத்தே காணவேண்டியுள்ளது.

முடிவுரை

பல்கலைக்கழகம் பொருளும் தொடர்ச்சியும் நல்கியது. பதிப்பாசிரியரும் பண்டிதர்களும் புலமையை நல்கினர். கால நெருக்கடியும் பகுதி வெளியீடும் குறைகள் சிலவற்றுக்கு வழிவகுத்தன. அனுபந்தம் அவற்றுள் ஒரு பகுதியை நிறைத்தது. பேரகராதியின் ஒவ்வொரு பகுதியும் எவர் பொறுப்பில், எந்நிலையில் அச்சேறியது என்பதைப் பகுத்தறிந்த பின்னரே வையாபுரிப்பிள்ளையைப் பாராட்டுதலும் மறுத்தலும் ஆய்வுநெறிக்கு உகந்தனவாகும். பேரகராதியைத் திருத்த முற்படுவோர்க்கும் இப்பகுப்பே முதற்படியாக அமையும்.