ஊசலோடு மலையேறிய பேசெவி

கொழும்பில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரமொன்றை 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் மாட்டினால், குளிரின் விளைவை நீக்கிப் பார்த்தால், அது நாளொன்றுக்குப் பத்து விநாடிகளுக்கும் மேலாகப் பின்தங்கும். கடிகாரத்தில் குற்றமில்லை. உயரம் கூடக் கூடப் பூமியின் ஈர்ப்பு குறைகிறது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பூமியில் 2 விநாடியில் ஒருமுறை ஆடி முடிக்கும் ஊசல், செவ்வாயில் 3 விநாடிக்குச் சற்று மேலும், சந்திரனில் ஏறத்தாழ 5 விநாடியும் எடுக்கும்.

இந்த எளிய உண்மையைக் கொண்டு பாரதத்தை அளந்தவர் ஜேம்ஸ் பல்லாடியோ பேசெவி. நில அளவை வரலாற்றில் புகழ்பெற்ற இவர் 1832இல் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக் கலைஞரான தந்தை 1845இல் ஈலி பேராலயத்தின் கோபுரத்திலிருந்து தவறி விழுந்து மாண்டார். மகன் வங்காளப் பொறியியற் படையில் சேர்ந்து, 1856இல் இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு வந்தார்.

1865இல் லண்டன் றோயல் சங்கத்தின் பித்தளை ஊசல்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரையும், மினிக்கோய்த் தீவிலும் அவற்றை ஆட்டி, நாளொன்றுக்கு எத்தனை ஆட்டம் என்று கணக்கெடுத்தார். சூடேறினால் பித்தளை நீளும், காற்றோ ஆட்டத்தைத் தடுக்கும். ஆகவே காற்று நீக்கிய கூட்டுக்குள் ஊசலை ஆடவிட்டு, வெப்பத்தையும் இடைவிடாது குறித்துக்கொண்டார்.

கண்டதென்ன? மாபெரும் இமயத்தின் அருகே ஈர்ப்பு மிகுந்திருக்கும் என்றல்லவா நினைப்போம்? அங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், கடலோரத்திலும் தீவிலும் கூடுதலாகவும் இருந்தது. மலைகளின் அடியிலுள்ள பாறை பாரம் குறைந்தது என்ற கருத்துக்கு இது வலுவான சான்றாயிற்று.

இன்னும் உயரத்தில் அளந்து பார்க்க விரும்பிய பேசெவி, 1871இல் லடாக்கின் மோரே சமவெளிக்கு ஏறினார். அது 15,000 அடிக்கும் மேற்பட்ட குளிர்ப் பீடபூமி. அங்கேயே உடல் நலிந்து, ஜூலை 17ஆம் நாள் உயிர்நீத்தார். வயது 39. எஞ்சிய வேலையை ஹெவிசைட் என்ற அதிகாரி முடித்துவைத்தார்.

மலையில் வாழும் நமக்கு, காலடி மண்ணின் ஆழத்தை ஓர் ஊசலின் ஆட்டத்தால் அறியலாம் என்று காட்டிய இந்த மனிதரை நம் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம்.