சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவ மேதை

கால் வளைந்த குழந்தையையும் மூட்டு மடங்கிய குழந்தையையும் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். மற்றப் பிள்ளைகளைப் போல என் பிள்ளையும் நடக்குமா என்பதே அது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களிலும் இக்கேள்வி ஒலித்த வீடுகள் பல. இக்கேள்வியோடு வருவோர்க்காகவே வாழ்நாளைச் செலவிட்டார், தாமே நடக்க இயலாத ஒரு பெண்மணி. அவரே வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்னும் ஊரில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954ஆம் ஆண்டு, உடன் பணிபுரிந்தோருடன் உல்லாசப் பயணம் சென்றபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். தண்டுவடம் சிதைந்ததால் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இருபத்தெட்டு வயதில் எதிர்காலமே இருண்டதுபோல் தோன்றியது.

அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளைச் சீர்செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். கை அறுவையில் நோயாளியின் கை மேசைமேல் இருக்கும். மருத்துவர் அமர்ந்தபடியே பணி செய்யலாம். கால்கள் செயலற்றால் என்ன, கைகள் இருக்கின்றனவே! மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவைக் கத்தியை ஏந்தினார்.

அந்த அறுவையின் தத்துவம் எளியது. நரம்பு கெட்டதால் செயலிழந்த தசையின் வேலையை, நலமாயுள்ள வேறொரு தசைக்கு ஒப்படைப்பதுதான் அது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைப்பார்கள். ஆனால் தையல் ஆறியவுடன் விரல் தானாக அசைந்துவிடாது. புதிய வேலையை அத்தசைக்கு நாள்தோறும் பழக்க வேண்டும். கத்தியின் வேலை பாதி. பயிற்சியின் வேலை மறுபாதி.

இளம்பிள்ளை வாதத்திலும் இதே கதைதான். அந்நோய் எலும்பைத் தாக்குவதாகப் பலர் நினைத்தனர். உண்மையில் கெடுவது தண்டுவடத்து நரம்பணுக்கள். ஒருபக்கத் தசை தளர, மறுபக்கத் தசை இழுக்க, மூட்டு மடங்கி இறுகிவிடும். வளரும் வயதாதலால் அந்தக் காலும் குட்டையாகும். மூட்டை நாள்தோறும் நீட்டி மடக்கும் பயிற்சி, காலிப்பர், ஊன்றுகோல், தேவைப்பட்டால் அறுவை ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் குழந்தை எழுந்து நிற்கும்.

இம்மறுவாழ்வு மருத்துவத்தை முறையாகக் கற்க மேரி விரும்பினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் பயின்றார். தாயகம் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபோது இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் பரவலாக இருந்தது. சொட்டு மருந்தின் பயனாக, 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கை வைரசால் எக்குழந்தைக்கும் அந்நோய் வரவில்லை. 2014இல் போலியோ ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது. ஆயினும் பெற்றோரின் கேள்வி ஒழிந்துவிடவில்லை. பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த குழந்தைகள் இன்றும் பிறக்கின்றன. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றினால் பெரும்பாலான பாதங்கள் நேராகிவிடும். அதன்பின் சுமார் நான்கு வயதுவரை இரவில் சிறப்புக் காலணி அணிவிக்க வேண்டும். கால்தான் நேராகிவிட்டதே என்று பெற்றோர் இடையில் நிறுத்தினால் வளைவு திரும்பிவிடும். மேரி அம்மையார் கண்ட உண்மை இங்கும் மாறவில்லை: மருத்துவர் தொடங்கி வைப்பதை வீடுதான் முடித்து வைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. மருத்துவமனை அருகில் வந்துவிட்டது. அங்கே தொடர்ந்து செல்லும் பொறுமைதான் இனி வர வேண்டும். பேருந்துக் காசுக்கும் கூலி இழப்புக்கும் அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விடும் பெற்றோர் நம் தெருவில் இருக்கலாம். படித்த நாம் அவர்களிடம் இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்வோம். முடிந்தால் ஒருநாள் துணைக்கும் செல்வோம். மேரி வர்கீஸுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.