சாக்கிய முனிவர்

இமயமலையின் அடிவாரத்தில், இன்று நேபாள நாட்டின் தென்பகுதியாக விளங்கும் நிலத்தில், உலும்பினி என்னும் இடம் உள்ளது. அங்கே 1896ஆம் ஆண்டில் எழுத்துப் பொறித்த கல்தூண் ஒன்று கண்டறியப்பட்டது. அசோக மன்னன் முடிசூடிய 20ஆம் ஆண்டில் அவ்விடம் போந்து வழிபட்டதையும், சாக்கிய முனிவர் பிறந்த ஊர் என்பது பற்றி அவ்வூரார் செலுத்தும் வரியைக் குறைத்ததையும் அத்தூண் அறிவிக்கின்றது. புத்தர் வரலாறு வெறுங்கதையே என்று ஐயுற்றோர்க்கு அக்கல்லே விடை கூறிற்று.

அவர் மறைந்த ஆண்டு கி.மு. 544 என்பது இலங்கை முதலிய நாடுகளின் மரபு. அம்மரபினைத் தழுவியே 1956ஆம் ஆண்டில் 2,500ஆம் ஆண்டு விழா நம் நாட்டிலும் கொண்டாடப்பெற்றது. ஆராய்ச்சியாளருள் ஒருசாரார் கி.மு. 483 என்பர், வேறு சிலர் கி.மு. 400ஐ ஒட்டியது என்பர்.

சாக்கியர் நாடு பேரரசு அன்று. குலத் தலைவர்கள் அவை கூடி ஆராய்ந்து செயலாற்றிய சிறுநாடு. அத்தலைவருள் ஒருவரான சுத்தோதனருக்கும் மாயாதேவிக்கும் மகனாகப் பிறந்தவர் சித்தார்த்தர். பிறந்த ஏழாம் நாளே தாய் இறந்தாள். தாயின் தங்கையாகிய பிரசாபதி கௌதமியே அவரைப் பாலூட்டி வளர்த்தாள். இவ்வம்மையாரை மாணவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். பின்னரும் இவரைக் காண்போம்.

மூத்தோன் ஒருவனையும் நோயாளி ஒருவனையும் பிணம் ஒன்றையும் துறவி ஒருவனையும் கண்டு சித்தார்த்தர் உள்ளம் கலங்கினார் என்பதும், மனைவி யசோதரையும் மகன் இராகுலனும் உறங்கும் நள்ளிரவில் குதிரையேறிப் போயினார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். ஓவியரும் புலவரும் பெரிதும் விரும்பிய பகுதி இது. ஆயின், பழைய பாலி நூலொன்று இவ்வாறு கூறவில்லை. பெற்றோர் கண்ணீர் வடித்து நிற்க, அவர் தலைமயிர் களைந்து துவராடை உடுத்து வெளியேறினார் என்றே அது கூறுகின்றது. ஆங்குப் பெற்றோராகக் கூறப்படுவோருள் தாய், வளர்த்த தாயாகிய கௌதமியே என்று கொள்ளுதல் பொருந்தும். எமக்கு இதுவே நெஞ்சை உருக்குகின்றது. உறங்குவாரை விட்டுச் செல்வதினும் அழுவாரை விட்டுச் செல்வது அரிதன்றோ? அப்பொழுது அவருக்கு வயது 29.

ஆளார காலாமர், உத்தக இராமபுத்தர் என்னும் இருவரிடம் அவர் தியான நெறி பயின்றார். அவர்கள் அறிந்த அளவெல்லாம் தாமும் அறிந்தும் அமைதி பெற்றிலர். பின்பு, துறவியர் ஐவர் உடனிருக்க, உணவை அறவே சுருக்கி உடம்பை வாட்டினார். வயிற்றைத் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவிற்கு அவர் மெலிந்தார் என்பர். இவ்வாறு ஆறாண்டு கழிந்தபின், உடம்பைக் கொல்லுவதால் உண்மை விளங்காது எனத் தெளிந்து உணவு கொண்டார். உடனிருந்த ஐவரும் இகழ்ந்து நீங்கினர். தனித்து விடப்பட்ட அவர் நைரஞ்சனை ஆற்றங்கரையில் அரசமரத்தின் அடியில் அமர்ந்து, தம் 35ஆம் வயதில் மெய்யறிவு எய்தினார். அவ்விடமே பீகார் மாநிலத்துப் புத்தகயை.

தாம் கண்டதை முதலில் யாருக்கு உரைப்பது? தம்மை இகழ்ந்து சென்ற அவ்வைவரையே தேடி அவர் காசியை அடுத்த சாரநாத்திற்கு நடந்தார். ஆங்கு உரைத்தவை நான்கு வாய்மைகள். துன்பம் உண்டு என்பது முதலாவது. அத்துன்பத்திற்கு அவாவே காரணம் என்பது இரண்டாவது. அவா அறின் துன்பம் அறும் என்பது மூன்றாவது. அதனை அறுக்கும் வழி உண்டு என்பது நான்காவது. நோயையும் நோய்முதலையும் நாடி, தீரும் எனத் தெளிந்து, மருந்து கூறும் மருத்துவனின் முறை இது. நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்னும் எட்டும் அம்மருந்தின் உறுப்புகள். இன்பத்தில் அழுந்துதலும் உடம்பை வருத்துதலும் ஆகிய இரண்டனையும் நீக்கிய இடைவழி இது. சோணர் என்னும் பிக்கு உள்ளங்காலில் குருதி சொட்ட நடந்து நடந்து தியானம் பயின்று, பயன் காணாது மனம் சோர்ந்தார். அவர் இல்லறத்தில் இருந்த காலத்து வீணை வல்லவர். நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறவாதன்றோ என்று புத்தர் அவரிடம் வினவ, சோணர் உண்மையை உணர்ந்தார்.

எப்பொருளும் தானே தோன்றுவதன்று, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும், தோன்றியது மாறும். இதனைப் பன்னிரு சார்புகளாக விரித்துரைப்பர். நம் மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிக் காதையில் அறவண அடிகள் உணர்த்துவதும் இச்சார்புகளையே.

அறம் கேட்டுத் துறந்தோர் சங்கமாயினர். மூன்று ஆடை, உணவேற்கும் பாத்திரம், மயிர் களையும் கத்தி, ஊசி, அரைக்கச்சு, நீர் வடிகட்டும் துணி ஆகிய எட்டே பிக்குவின் உடைமை. நீரில் வாழும் நுண்ணுயிர் இறவாதிருத்தற்பொருட்டே வடிகட்டி. நண்பகலுக்குப் பின் அவர்கள் உண்பதில்லை. மழைக்காலத்தில் பயிரையும் சிற்றுயிரையும் மிதித்துத் திரிகின்றனர் என்று மக்கள் குறை கூறவே, மூன்று திங்கள் ஓரிடத்தே தங்கும் விதி ஏற்பட்டது. அத்தங்கல் முடியும் நாளில் பிக்கு ஒவ்வொருவரும், தம்மிடம் கண்ட குற்றத்தை எடுத்துரைக்குமாறு மற்றவரை வேண்டுதல் வேண்டும். இல்லறத்தார்க்குக் கொலை, களவு, பிறன்மனை நயத்தல், பொய், கள் ஆகிய ஐந்தனையும் நீக்கும் ஐந்து சீலங்கள் வகுக்கப்பட்டன.

சாக்கிய இளைஞர் சிலர் துறவு பூண வந்தபோது, உபாலி என்னும் நாவிதரும் உடன் வந்தார். அவருக்கே முதலில் துறவு அளிக்குமாறு அவ்விளைஞரே வேண்டினர். முன்னே துறந்தவரைப் பின்னே துறந்தவர் வணங்குதல் சங்கத்தின் முறை. தம் குலச் செருக்கு அவ்வணக்கத்தால் அழியும் என அவர்கள் கருதினர். புத்தர் மறைந்தபின் இராசகிருகத்துக் கூடிய பேரவையில் சங்க விதிகளை ஓதி உறுதிசெய்தவர் அவ்வுபாலியே.

ஆனால் மற்றொரு வாயில் அத்துணை எளிதிற் திறக்கவில்லை. சுத்தோதனர் இறந்தபின் கௌதமி அம்மையார் துறவு வேண்டினார். புத்தர் மும்முறை மறுத்தார். அம்மையார் கூந்தலைக் களைந்து, சாக்கியப் பெண்டிர் பலர் உடன்வர, வைசாலிக்கு நடந்தே சென்று, வீங்கிய காலோடும் புழுதி படிந்த உடம்போடும் வாயிலில் அழுது நின்றார். ஆனந்தர் அவர்பொருட்டு வாதாடினார். பெண்டிர்க்கும் வீடுபேறு கைகூடுமோ என்று வினவினார். கூடும் என்று புத்தர் ஒப்பினார். பின்னர் எட்டு விதிகளோடு இசைவும் தந்தார். பிக்குணியரைப் பிக்குகளுக்குக் கீழாக வைக்கும் அவ்விதிகள் இக்காலத்தார்க்கு உவப்பாகா, எமக்கும் உவப்பில்லை. எனினும் அவ்வாயில் வழியே புகுந்த பெண்டிரின் பாடல்கள் தேரிகாதை என்னும் நூலாக இன்றும் நிலவுகின்றன.

ஒருகால் பிக்கு ஒருவர் வயிற்று நோயால் தம் கழிவிலேயே கிடந்தார். பிறர்க்கு அவரால் பயனில்லை என்று எவரும் அவரைப் பேணவில்லை. புத்தர் நீர் கொணரச் செய்து, தாமே நீர் வார்க்க, ஆனந்தர் அவர் உடம்பைக் கழுவினார். இருவரும் அவரைத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். தாயும் தந்தையும் இல்லாத பிக்குகள் ஒருவரை ஒருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று புத்தர் மற்றவரைக் கடிந்தார். தமக்குத் தொண்டுசெய்ய விழைவோர் நோயாளிக்குச் செய்க என்றும் பணித்தார்.

45 ஆண்டுகள் கங்கைச் சமவெளியில் நடந்து அறம் உரைத்த அப்பெரியார்க்கு 80 வயது ஆயிற்று. பாவை நகரில் சுந்தன் என்னும் கொல்லன் அன்போடு விருந்திட்டான். அவ்வுணவு யாது என்பதில் உரையாசிரியர் வேறுபடுவர். அதனை உண்டபின் குருதிப்போக்கும் கடுநோயும் கண்டன. அந்நிலையிலும் அவர் கவலை சுந்தனைப் பற்றியதாகவே இருந்தது. தான் இட்ட உணவால் இவ்வாறாயிற்று என்று அவன் வருந்துதல் கூடும். மெய்யறிவு எய்துமுன் உண்ட உணவும் இறுதியில் உண்ட இவ்வுணவும் ஒப்பற்ற இரு கொடைகள் என்று அவனிடம் சொல்லித் தேற்றுக என ஆனந்தரை ஏவினார்.

குசிநகரை அடுத்த சோலையில் இரண்டு சாலமரங்களிடையே படுத்திருந்தபோது, சுபத்தர் என்னும் பரிவிராசகர் ஐயம் வினவ வந்தார். தலைவரை வருத்தற்க என்று ஆனந்தர் மும்முறை தடுத்தார். அது செவிப்பட்டதும் புத்தர் சுபத்தரை அழைத்து விடையளித்தார். அவரே இறுதி மாணாக்கர். அன்றிரவே பெரியார் மறைந்தார்.

உடம்பை எரித்தபின் எஞ்சிய எலும்புகளுக்காக எழு திறத்தார் தூது விடுத்தனர். குசிநகரத்து மல்லர் கொடுக்க மறுத்தனர். பூசல் மூளும் வேளையில் துரோணர் என்னும் அந்தணர் இடைப்புகுந்து, பொறுமையைப் போற்றியவர் எலும்பின்பொருட்டுப் போர் தகாது என்று எடுத்துரைத்து, அவற்றை எட்டாகப் பகிர்ந்தளித்தார். அளந்த வெறுங்கலத்தை மட்டும் தமக்கு வேண்டிப் பெற்றார்.