திருமறையின் பொருளை ஆங்கிலேயருக்கு உரைத்த நாவலாசிரியர்
முஹம்மது மர்மடியூக் பிக்தால் (1875–1936)

 

உலக இலக்கியங்களைக் கற்றோர் பலர் இஸ்லாத்தை அரபுக் கதைகளின் வாயிலாகவே அறிந்திருந்த காலத்தில், அவர்கள் கரங்களில் திருமறையின் பொருளையே கொண்டு சேர்த்த பெருந்தகையார் பிக்தால் அவர்கள்.

1875 ஏப்ரல் 7 அன்று லண்டனில் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். அரசுப் பணித் தேர்வில் வெற்றி கிட்டாமற்போகவே, பதினெட்டு வயதளவில் எகிப்து, பாலஸ்தீன், சிரியா நாடுகளுக்குப் பயணமானார். அரபு மொழி பயின்று, எளிய மக்களோடு கலந்து பழகினார். டமாஸ்கஸ் உமையாப் பள்ளியில் அரபு பயின்றுவந்தபோது இஸ்லாத்தைத் தழுவ விரும்பினார். ஆனால் அங்கிருந்த மூத்த ஆலிமோ, அவருடைய தாயாரை நினைவூட்டி, வயது முதிர்ந்து சிந்தித்து முடிவெடுக்குமாறு அறிவுறுத்தினார். அவசரப்படுத்தாத அப்பண்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

தாயகம் திரும்பி, 1903இல் 'மீனவன் சயீத்' எனும் நாவலை வெளியிட்டுப் புகழ் பெற்றார். ஆங்கில எழுத்தாளர்கள் ஈ.எம். ஃபார்ஸ்டர், எச்.ஜி. வெல்ஸ் ஆகியோர் அவரைப் போற்றினர். 1914இல் மூண்ட முதல் உலகப் போரில் துருக்கி பிரிட்டனின் எதிரி நாடாயிற்று. துருக்கியருக்காகப் பரிந்து பேசுவோரை ஐயத்துடன் நோக்கிய அந்நாட்களிலேயே, 1917 நவம்பரில், லண்டன் கூட்டமொன்றில் தாம் முஸ்லிம் எனப் பகிரங்கமாக அறிவித்தார். நற்பெயர் பெற்ற எழுத்தாளர் ஒருவருக்கு இது எளிய காரியமன்று.

1920இல் இந்தியா வந்து 'பம்பாய் கிரானிக்கிள்' இதழின் ஆசிரியராகிக் கிலாஃபத் இயக்கத்தை ஆதரித்தார். 1925இல் ஹைதராபாத்தில் பள்ளித் தலைமையாசிரியரானார். 1927இல் தொடங்கிய 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழையும் நடத்தினார். அதே ஆண்டு சென்னையில் இஸ்லாமியப் பண்பாடு பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன. அதற்கு முன் மௌலானா சுலைமான் நத்வியும், பின் அல்லாமா இக்பாலும் அச்சென்னைச் சொற்பொழிவு வரிசையில் உரையாற்றியுள்ளனர்.

அவருடைய பெரும்பணி திருக்குர்ஆன் மொழியாக்கமே. ஹைதராபாத் நிஜாம் சம்பளத்துடன் இரண்டாண்டு விடுப்பு வழங்கினார். 1929இல் எகிப்து சென்று, அறிஞர்கள் துணையுடன் வரிவரியாகச் சரிபார்த்தார். இறைவேதத்தை மொழிபெயர்ப்பது கூடுமா என உலமாக்களிடையே கடும் கருத்து வேறுபாடு நிலவிய நேரமது. அரபு மூலத்திற்கு எம்மொழியும் ஈடாகாது என்பதே பிக்தாலின் கொள்கையுமாகும். ஆகவே 1930இல் வெளியானபோது 'குர்ஆன்' என்று மட்டும் பெயரிடாமல், குர்ஆனின் பொருள் என்றே பெயரிட்டார். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல் இல்லையெனக் கருதி, 'அல்லாஹ்' என்னும் திருநாமத்தை அவ்வாறே வைத்தார்.

நபிகளாரின் மக்கா, மதீனா வாழ்வை முன்னுரையாகத் தந்து, 114 சூராக்களுக்கும் அறிமுகக் குறிப்பு எழுதினார். இணையில்லா ஓரிறைக் கொள்கை, தூதுத்துவம், மறுமை, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் யாவும் இருபத்து மூன்றாண்டுகளில் அருளப்பெற்ற வேதத்தில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை, இஸ்லாத்தை முன்பின் அறியாத வாசகரும் உணர வழி பிறந்தது.

1935இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியவர், 1936 மே 19 அன்று வஃபாத்தானார். புரூக்வுட் முஸ்லிம் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். மற்றொரு மொழிபெயர்ப்பாளரான அப்துல்லாஹ் யூசுஃப் அலி அவர்களின் கப்ரும் அங்கேயே உள்ளது.

அன்பர்களே! பிற மார்க்கத்தில் பிறந்தவர் தம் பேனாவை இம்மறைக்கு அர்ப்பணித்தார். பிறப்பாலேயே இப்பேறு பெற்ற நம் இல்லங்களில் குர்ஆன் உறையிட்டு உயரத்தில் வைக்கப்படுகிறது. அதன் பொருளறிந்தோரோ சிலரே. அண்டை வீட்டார் ஐயம் கேட்டால் விடையளிக்க நம் பிள்ளைகளால் இயலுமா? நாளொன்றுக்கு ஓர் ஆயத்தையேனும் பொருளுடன் ஓதுவோமாக!

வல்ல நாயன் அன்னாரின் பணியை ஏற்று, நமக்கும் திருமறையை விளங்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.