மௌலானா ஆசாதும் சிறைக்குச் சென்ற நூல்களும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் பனி விலகுமுன் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். தேநீரின் அருமையை நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அதே விடியற்கால வேளையில், கோட்டைச் சிறையொன்றின் அறையில், தம் கையாலேயே தேநீர் காய்ச்சி அருந்தியவாறு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியாரை இவ்விதழில் நினைவுகூர விழைகிறோம். அவர்களே மௌலானா அபுல் கலாம் ஆசாத்.

மௌலானா அவர்கள் 1888-ஆம் ஆண்டில் புனித மக்காவில் பிறந்தார்கள். தந்தையார் மௌலானா கைருத்தீன். அன்னையார் மதீனாவின் அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கல்கத்தாவில் குடியேறிற்று. பள்ளிக்கூடத்துக்குச் செல்லாமல், வீட்டிலேயே அரபும் பார்சியும் மார்க்கக் கல்வியும் கற்றார்கள். 1912-இல் அல்ஹிலால் என்னும் உருது வார இதழைத் தொடங்கினார்கள். ஆங்கில அரசு அதைப் பொறுக்கவில்லை. அச்சகச் சட்டத்தின் பிடியில் 1914-இல் அவ்விதழ் நின்றது. அடுத்த ஆண்டில் அல்பலாக் என்ற பெயரில் வேறோர் இதழ் தோன்றிற்று. 1916-இல் அரசு அவர்களை வங்காளத்தைவிட்டே வெளியேற்றியது. ராஞ்சிக்குச் சென்றார்கள், அங்கும் 1919 முடியும்வரை காவலில் வைக்கப்பட்டார்கள்.

அக்காலத்தில் மௌலானா அவர்கள் திருக்குர்ஆனுக்கு உருது மொழியில் பெயர்ப்பும் விளக்கமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். போலீசார் வந்து சோதனையிட்டு, கையெழுத்துத் தாள்களை அள்ளிச் சென்றனர். 1921-இல் மீண்டும் கைது, மீண்டும் சோதனை. பின்னர் ஒருவாறு திரும்பி வந்த தாள்கள் கலைந்தும் கிழிந்தும் கிடந்தன. நெடுநாள் அவர்களுக்குப் பேனாவைத் தொட மனம் எழவில்லை. பிறகு தேறி, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். தர்ஜுமானுல் குர்ஆன் என்னும் அந்நூல் 1930-களில் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆயினும் முழுக் குர்ஆனுக்கும் அப்பணி நிறைவு பெறவில்லை. காவலில் இருக்கும் ஒருவரின் தாளைப் பறித்தால் சமுதாயம் இழப்பது எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1942 ஆகஸ்ட் 9-ஆம் நாள், காங்கிரஸ் தலைவராக இருந்த மௌலானா அவர்கள் பம்பாயில் கைதாகி அஹ்மத்நகர் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நேரு, பட்டேல் முதலியோரும் உடனிருந்தனர். தொடக்கத்தில் பத்திரிகையும் இல்லை, கடிதமும் இல்லை. பின்னர் அனுமதி கிடைத்தது. ஆனால் கடிதம் உறவினருக்கு மட்டுமே. எனவே தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு எழுதிய மடல்களை அனுப்ப இயலாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். 1943 ஏப்ரலில் கல்கத்தாவில் துணைவியார் ஜுலைகா பேகம் காலமானார். நோயுற்றிருந்தபோதும் தம்மை விடுவிக்குமாறு அரசிடம் மௌலானா அவர்கள் கேட்கவில்லை. இறுதியாக முகம் பார்க்கும் வாய்ப்பும் கிட்டவில்லை. அந்தத் துயரத்திலும் அவர்களுக்குத் துணைநின்றவை எழுத்தும் படிப்புமே. அம்மடல்கள் 1946-இல் குபாரே காத்திர் என்னும் நூலாயின. உருது உரைநடையில் அதற்கு இன்றும் தனியிடம் உண்டு. அதே கோட்டையில் 1944-இல் நேரு ஐந்து மாதங்களில் தம் இந்திய வரலாற்று நூலை எழுதினார். உடனிருந்த மௌலானா முதலியோரின் உரையாடல் தமக்கு உதவியதை முன்னுரையில் நன்றியுடன் குறித்தார்.

1945 ஜூனில் விடுதலை கிட்டியது. 1947 முதல் 1958 பிப்ரவரி 22-இல் இறையடி சேரும்வரை மௌலானா அவர்கள் இந்தியாவின் கல்வி அமைச்சராக விளங்கினார்கள். 1953 பிப்ரவரி முதல் நாள் கல்கத்தாவில் தேசிய நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தவர்களும் அவர்களே. ஒருகாலத்தில் பத்திரிகைத் தாள்கூட மறுக்கப்பட்ட கை, பல லட்சம் நூல்களின் கதவைத் திறந்தது.

மௌலானா அவர்களோ பேரறிஞர். குற்றம் செய்து சிறை சென்றவர்களுக்கும் நூல் எதற்கு என்று சிலர் நம்மிடம் கேட்கின்றனர். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிறுவர்களுக்குக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். சிறையையும் கல்வியையும் அன்றே இணைத்தது நம் மார்க்கம். ஒவ்வொரு சிறையிலும் நூலகம் வேண்டும் என்று 1955-இல் ஜெனீவாவில் வகுத்து, 2015-இல் மண்டேலாவின் பெயரால் ஐக்கிய நாடுகள் சபை புதுப்பித்த விதிகளும் கூறுகின்றன. தண்டனை உடலை அடைப்பதற்கு. அறிவை அடைப்பதற்கு அன்று. வெளியே வரும் நாளில் அவர் நம் தெருவுக்கேதான் வருவார்.

ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை நாம் பட்டறிந்தோம். தோட்டத்து இளைஞர் ஒருவருக்காகச் சேர்த்த பொட்டலம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. ஒரு நூலின் அட்டைக்குள் நம்மவர் யாரோ அன்பு மிகுதியால் ஐம்பது வெள்ளி நோட்டைச் செருகியிருந்தார். குற்றம் நம்முடையதே. அந்த இளைஞர் படிக்க நூலின்றி மேலும் பல வாரங்கள் காத்திருந்தார்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூல் அனுப்புமுன் அந்தச் சிறையின் அதிகாரியிடம் விதிகளைக் கேட்டுக்கொள்க; ஒவ்வோர் இடத்திலும் விதி வேறுபடும். மெல்லிய அட்டையுள்ள, ஓரங்களில் ஏதும் எழுதப்படாத, சுத்தமான நூல்களையே தருக. கம்பிச் சுருள் கட்டியவை வேண்டா. கடிதம், பணம், படம் எதையும் உள்ளே வைக்காதீர். ஒவ்வோர் ஏட்டையும் புரட்டிப் பார்த்தபின் கட்டுக. நூற்பட்டியலை எழுதி ஒரு பிரதியை நாமும் வைத்துக்கொள்வோம். தமிழ், மலாய் நூல்களோடு எழுத்தறியாதவர்க்கான அரிச்சுவடியும் இருக்கட்டும்.

மௌலானா அவர்களின் கிழிந்த தாள்களை நாம் ஒட்ட முடியாது. இன்று படிக்கத் துடிக்கும் ஒருவரின் கைக்கு ஒரு நூலைப் பத்திரமாகச் சேர்க்க முடியும். அதற்கு வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.