51 வயதில் மீண்டும் மாணவரான ரூபன்ஸ்

பீட்டர் பால் ரூபன்ஸ் 1628ஆம் ஆண்டு ஸ்பெயின் தலைநகர் மட்ரிட்டுக்குச் சென்றது படம் வரைவதற்காக அன்று. இங்கிலாந்துடன் ஸ்பெயின் சமாதானம் செய்துகொள்ள வழி தேடும் தூதராகச் சென்றார். அப்போது அவருக்கு வயது 51. ஐரோப்பிய அரச குடும்பங்கள் அவரது ஓவியங்களுக்குப் போட்டி போட்ட காலம் அது.

பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. கிடைத்த நேரத்தில், மன்னர் நான்காம் பிலிப்பிடம் இருந்த டிஷியனின் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பார்த்து, தம் கையால் மீண்டும் வரைந்தார்.

டிஷியன், மறுமலர்ச்சிக் காலத்து வெனிஸ் நகரின் பெரும் ஓவியர். 1576ல் மறைந்தார். ரூபன்ஸ் பிறந்ததோ 1577ல். நேரில் காணாத அந்த ஆசானை அவர் முதலில் தேடிப் போனது 22 வயதில். ஆண்ட்வெர்ப் நகரில் தொழில் பழகிய பின், 1600ல் இத்தாலிக்குச் சென்று மாந்துவா கோமகனின் அரசவையில் சேர்ந்தார். பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவதுதான் அங்கே அவருக்குப் பள்ளிக்கூடம். 1608ல் தாயார் நோயுற்ற செய்தி கேட்டு ஊர் திரும்பினார்.

புகழின் உச்சியில் இருப்பவருக்கு மறுபடியும் எதற்கு இந்தப் பயிற்சி? சதையின் நிறத்தை எந்த அடுக்கில் எழுப்பினார், நிழலில் எந்த வண்ணத்தை மறைத்து வைத்தார் என்பதெல்லாம் தூரிகையை எடுத்து வரைந்து பார்க்கும்போதுதான் பிடிபடும். அதேநேரம், அவர் செய்தது ஈயடிச்சான் காப்பியும் அன்று. டிஷியனின் ‘ஆதாமும் ஏவாளும்’ படத்தில் பின்னால் சாய்ந்திருக்கும் ஆதாம், ரூபன்ஸின் படத்தில் முன்னோக்கிச் சாய்கிறார். மரத்தில் புதிதாக ஒரு கிளியும் வந்து உட்கார்ந்துவிட்டது! இரண்டு படங்களும் இப்போது மட்ரிட்டின் பிராடோ அரும்பொருளகத்தில் உள்ளன.

அந்த மாதங்களில் அவருடன் நெருங்கிப் பழகியவர் அரசவையின் இளம் ஓவியர் வெலாஸ்கெஸ். ரூபன்ஸ் புறப்பட்ட அதே 1629ல் அவரும் இத்தாலிக்குப் பயணமானார்.

வரைந்த நகல்களை ரூபன்ஸ் ஆண்ட்வெர்ப்பில் தம்மிடமே வைத்திருந்தார். 1640ல் அவர் இறந்த பின், ‘ஐரோப்பாவைக் கவர்தல்’ நகலை மன்னர் பிலிப் விலைக்கு வாங்கினார். டிஷியனின் மூல ஓவியம் பிற்பாடு கைமாறி, இன்று அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கிறது. மட்ரிட்டில் இருப்பது ரூபன்ஸின் நகல்.

இசபெல்லா தெஸ்தே என்ற சீமாட்டியைச் சிவப்பு உடையில் டிஷியன் தீட்டிய உருவப்படம் தொலைந்தே போனது. அது எப்படி இருந்தது என்பதை வியன்னாவில் உள்ள ரூபன்ஸின் நகல்தான் நமக்குக் காட்டுகிறது.