அடுப்பில் கால் வைத்த பேய்

பேய் மருமகள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். விறகு இல்லை. தன் இரு கால்களையும் அடுப்புக்குள் நீட்டி எரிய விட்டுச் சாவகாசமாகச் சமைக்கிறாள்! 1978-ல் வந்த 'ஜகன்மோகினி'யில் ஜெயமாலினி செய்த இந்த வேலையைக் குன்னூர்ப் பக்கத்துத் தோட்ட லயன்களில் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இயற்பியல் படிக்கும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இதை மேடையில் செய்ய முடியுமா?

அப்படத்தை எடுத்த பி. விட்டலாச்சார்யா 1920-ல் உடுப்பி வட்டாரத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சிறு வயதிலேயே வீட்டை விட்டு அரசிகெரே சென்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பின்பு ஓட்டல் நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறையும் கண்டார். அதன்பின் நண்பர் டி. சங்கர் சிங்குடன் சேர்ந்து ஹாசன் மாவட்டத்துச் சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ் நடத்தினார். அந்தக் கொட்டகையே அவருடைய கல்லூரி என்பேன். மணலில் அமர்ந்த சனம் எங்கே கைதட்டும், எங்கே பீடி பற்றவைக்க எழுந்து போகும் என்பதை வேறெங்கே கற்க முடியும்?

மைசூரில் கன்னடப் படங்கள், பிறகு சொந்த நிறுவனம், பிறகு சென்னை. என்.டி. ராமராவும் காந்தாராவும் அவர் படங்களில் நடித்தார்கள். செலவில் மகா சிக்கனக்காரர். கால்ஷீட் கொடுத்த நடிகர் வராவிட்டால், முனிவர் சாபத்தால் கதாநாயகனைக் கிளியாக்கிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வார் என்று திரையுலகில் ஒரு பேச்சு உண்டு. கிளிக்குச் சம்பளம் ஏது?

அடுப்புக்கு வருவோம். மேடையில் பொய்க்கால்களை அடுப்பில் வைத்து, உண்மைக் கால்களைத் தரைக்குழியில் மறைக்கலாம். ஆனால் அவள் நடந்து வந்து அமர்வதைக் காட்ட முடியாது; கால் மாறும் நேரத்துக்கு ஒரு திரை வேண்டும். பக்கவாட்டில் இருப்பவன் வேறு பார்த்துவிடுவான். சினிமாவில் இருப்பதோ ஒரே கண். காமிராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டினால் போதும். பாரிஸ் நகரத்து மேடை வித்தைக்காரரான ஜார்ஜ் மெலியே 1896-லேயே இப்படி வௌவாலைப் பிசாசாக்கிக் காட்டினார். அதுவும் சிரிப்புக் கலந்த பேய்ப்படமே.

மேடையோ திரையோ, டிக்கெட் வாங்கும்போதே இது வித்தை என்று தெரிந்துவிடுகிறது. அப்படிச் சொல்லாமல் செய்பவர்களும் உண்டு. என் சித்திக்கு வலிப்பு வந்தபோது ஒரு மந்திரவாதி வந்தார். வாசற்படியைத் தோண்டி, யாரோ புதைத்த செப்புத்தகடு என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். தோண்டுமுன்பே அவர் இடது கை மூடியிருந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூடப் பெண்ணின் பேச்சை யார் கேட்பார்கள்? அம்மா கொழுந்து பறித்த இரண்டு மாதக் கூலி போயிற்று. சித்தி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கியது அதற்கும் ஐந்து மாதம் கழித்து. இப்போது வலிப்பு வருவதில்லை. அந்தத் தகட்டை மட்டும் அம்மா இன்னும் எறியவில்லை.

விட்டலாச்சார்யா 1999 மே 28 அன்று காலமானார். பத்தாண்டு கழித்து 'ஜகன்மோகினி' தமிழில் புதிதாக எடுக்கப்பட்டது. கணிப்பொறி வரைகலை நிறைந்த படம். அதை எங்கள் லயனிலும் பார்த்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.